சிம்மில் முப்பது நிமிடம்

பொழிச்சலூர்
3 நவம்பர் 2025

கிருபாவுக்கு,

ஸ்தோத்திரம். பதினான்கு மாதமாக என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஜெயவேலுவின் நம்பர் என்னிடம் இல்லை. யாரிடமாவது கேட்டு வாங்கலாம்தான். ஆனால் தங்கை கல்யாணத்துக்குப் போகாதவன் அவள் புருஷன் நம்பரை எந்த முகத்தோடு கேட்பது? அதனால்தான் காகிதம். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் சாலமோன் இதை உன் மெஸ் வாசலில் கொடுப்பார். என் பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. படித்துவிட்டுக் கிழி.

உன் மெஸ்ஸுக்குக் குழாயில் வருகிற கேஸ் எங்கள் கம்பெனியுடையது. அதில் ஹைட்ரஜன் கலந்து ஏழு சமையல் கூடங்களுக்குப் பரீட்சார்த்தமாக விடுகிறார்கள். நான் ஷெட்டில் பர்னர்களைச் சோதித்து அனுப்புகிறவன். எது எங்கே போகிறது என்று எங்களுக்குச் சொல்வதில்லை. சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். ஏழாவது பெயர் உன் மெஸ். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே மூடிவிட்டேன்.

இதுவரை பத்தில் ஒரு பங்கு கலந்தார்கள். அது ஒன்றும் செய்யாது. அந்தச் சனிக்கிழமை முதல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அடுப்பில் தீ எப்படி நிற்கிறது என்று யோசித்திருக்கிறாயா? கேஸ் துளை வழியாக வெளியே தள்ளுகிறது. தீ அதே துளை வழியாக உள்ளே வரப் பார்க்கிறது. இரண்டும் சமமாகிற இடத்தில் தீ உட்காருகிறது. சாதாரண கேஸில் தீ மெதுவாக ஓடும், பயமில்லை. ஹைட்ரஜன் சேரச் சேர அதன் ஓட்டம் கூடுகிறது. நீ சிம்மில் வைத்தால் கேஸ் தள்ளுவது குறையும். அப்போது தீ ஜெயித்து பர்னருக்கு உள்ளே போய்விடலாம். மேலே பார்த்தால் அணைந்த மாதிரி இருக்கும். உள்ளே குழாயில் எரிந்துகொண்டிருக்கும்.

அதனால் சிம்மில் நெடுநேரம் எதையும் வைக்காதே. தீ காணாமல் போனால் கிட்டே போகாமல், சுவரில் இருக்கிற பெரிய வால்வை மூடு. உடனே திரும்பப் பற்ற வைக்க வேண்டாம். பர்னரில் யாரும் கை வைக்கக் கூடாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, கிருபா. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஜெபராஜ்


படப்பை
8 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

என் குரல் இனி உன் காதில் விழாது என்றுதான் அன்றைக்குச் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஸ்தோத்திரத்தை நீயே வைத்துக்கொள்.

சபைத் தாளில் மாதாமாதம் பிறந்தநாள் பட்டியல் போடுவார்களே, அதில் ஆகஸ்ட் மாதத்தில் என் பெயரை அடித்தது யார்? பாஸ்டரே தயங்கினாராம். நீதான் அவர் பேனாவை வாங்கி அடித்தாயாம். ஜெயவேலு கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான் குற்றம். அன்றைக்கு நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்காதவனுக்கு இன்றைக்கு என் அடுப்பின் மேல் என்ன அக்கறை?

தினமும் காலையில் உங்கள் பஸ் முடிச்சூர் ரோடு பிடித்து வந்து என் வாசலைத் தாண்டித்தான் ஒரகடம் போகிறது. இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலில் நீ. ஒரு நாளாவது இறங்கினாயா?

என் மெஸ்ஸில் முந்நூறு பெண்கள் சாப்பிடுகிறார்கள். எல்லாம் ஃபேக்டரி ஹாஸ்டல் பிள்ளைகள், இரண்டு ஷிஃப்ட். காலையில் பொங்கல், மதியம் சாதம் சாம்பார், புதனும் ஞாயிறும் பிரியாணி. சிம்மில் வைக்காதே என்கிறாய். பிரியாணியை எதில் தம் போடுவது, உன் தலையிலா? குறைந்தது நாற்பது நிமிடம் சிம்மில் இருந்தால்தான் அது பிரியாணி. அம்மா கிறிஸ்துமஸுக்குப் போடும்போது வாசனை பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே கிடப்பாயே, மறந்துவிட்டதா?

உங்கள் ஆட்கள் வந்து பர்னர் மாட்டி, தேங்காய் உடைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கேஸ் பரவாயில்லை. போன சனிக்கிழமையிலிருந்துதான் தீயில் காட்டம் இல்லை. என் சமையல்காரி கங்கையம்மாள், "இன்னா கேஸும்மா இது, தீ குட்டையா கீது, அண்டா சூடே ஏற மாட்டேங்குது" என்று இரண்டு நாள் புலம்பினாள். நேற்று ஸ்டவ் ரிப்பேர் ஜீவானந்தம் வந்து பர்னர் துளைகளை எல்லாம் டிரில் விட்டுப் பெரிசாக்கிக் கொடுத்தார். எல்லா ஹோட்டலுக்கும் அவர்தான் செய்கிறார். இப்போது தீ நன்றாக வருகிறது. ஆக, உன் பயத்துக்கு வேலை இல்லை.

கிருபா ஜெயவேலு


பொழிச்சலூர்
11 நவம்பர் 2025

கிருபா,

உன் கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். டிரில் விட்ட இடம் வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. பக்கத்துச் சீட்டில் இருந்தவர் மார்வலியா என்று கேட்டார்.

அந்தத் துளை சின்னதாக இருப்பது கஞ்சத்தனத்துக்கு இல்லை. துளையின் உலோகச் சுவர் தீயின் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் தீ அந்த வழியில் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது. சாதாரண கேஸுக்கு இருக்கிற துளையே ஹைட்ரஜனுக்குச் சற்றுப் பெரிசு. அதையும் பெரிசாக்கிவிட்டால், வாசலை அகலத் திறந்து வைத்துத் தீயை உள்ளே கூப்பிட்ட மாதிரி. ஜீவானந்தத்தின் மேல் தப்பில்லை. எல்லாரும் செய்கிற வேலைதான் அது, இந்த கேஸுக்கு ஆகாது, அவ்வளவுதான். தீ குட்டையாக இருப்பது இந்தக் கலவையின் குணம். வேகமாக எரிந்து முடிகிறது, சூடும் கொஞ்சம் குறைவு.

எங்கள் ஷெட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. நுனியில் தீ வைத்து, ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவார்கள். தீ நுனியிலேயே நிற்கும், நிற்கும், பிறகு ஒரு சத்தம். பார்த்தால் அடியில் இருக்கும். நடுவில் எப்போது போனது என்று யாரும் பார்த்ததில்லை. வெயிலில் அந்தத் தீயே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நான் நூறு தடவை பார்த்திருப்பேன். இப்போது கண்ணை மூடினால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய்.

பர்னர்களைக் கழற்றிவிடு. சிலிண்டருக்குத் திரும்பு. கம்பெனியில் நீயே கேளேன் என்று நீ நினைக்கலாம். கேட்கிறேன், கொஞ்சம் பொறு. எனக்கு அதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

நாளை படப்பையில் இறங்கி நேரில் வருகிறேன்.

ஜெபராஜ்


படப்பை
20 நவம்பர் 2025

அண்ணா,

பன்னிரண்டாம் தேதி நீ வந்ததைப் பார்த்தேன். எதிர்ப்பக்க மெடிக்கல் ஷாப் நிழலில் அரைமணி நேரம் நின்றாய். கேட் அருகே ஜெயவேலு நின்றிருந்தார். நீ ரோடைத் தாண்டவில்லை. அடுத்த பஸ் ஏறிப் போய்விட்டாய். எனக்கு வந்த கோபத்தில் உன் இரண்டு கடிதத்தையும் மசாலா டப்பாவுக்கு அடியில் போட்டேன். பர்னரைக் கழற்றவில்லை. என் தப்பு அது.

நேற்று புதன். இந்த கேஸில் இதற்கு முன் தம் போட்டபோதெல்லாம் சிம்மை முழுக்க இறக்கவில்லை, அதனால்தான் தப்பித்தோம் போல. நேற்று பத்தே முக்காலுக்கு பிரியாணியைத் தம்மில் போட்டு முழு சிம்மில் வைத்தோம். கால்மணி நேரம் போயிருக்கும். நான் வெங்காயம் கொட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பின் சத்தம் மாறியது. எப்போதும் ஸ்ஸ் என்று வருவது, பல்லைக் கடித்துக்கொண்டு ஊதுகிற மாதிரி ஆனது. திரும்புவதற்குள் டப் என்று ஒரு சத்தம். கங்கையம்மாள், "அணைஞ்சி போச்சும்மா" என்று லைட்டரோடு குனிந்து, திருகுக்குப் பின்னால் காற்றுப் போகிற ஓட்டையைப் பார்த்தாள். அங்கிருந்து தீ வந்தது. நான் தீயைப் பார்க்கவே இல்லை, அண்ணா. அவள் புடவைத் தலைப்பு தானாகச் சுருங்குவதைத்தான் பார்த்தேன்.

பெரிய வால்வை மூடினேன். நீ எழுதியது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. அவளுக்கு வலது முழங்கை வரை வெந்துவிட்டது. புருவம் இரண்டும் இல்லை. கண் தப்பியது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். "பிரியாணி இன்னாச்சு?" என்று கேட்கிறாள்.

சாயந்திரம் உங்கள் ஆட்கள் வந்தார்கள். பர்னரில் டிரில் போட்டிருக்கிறது, ஆகவே பொறுப்பு மெஸ்ஸுடையதாம். புதுப் பர்னர் மாட்டி திங்கட்கிழமை திரும்ப கேஸ் விடுகிறார்களாம். ஒப்பந்தப்படி நாங்கள் மறுக்க முடியாதாம். கம்பெனி பர்னர் எல்லாம் சோதனை செய்தவை என்று ஒரு படிவத்தைக் காட்டினார்கள். 'சிம்மில் முப்பது நிமிடம், மூன்றில் ஒரு பங்கு ஹைட்ரஜன், சரி' என்று ஒரு டிக். அடியில் ஒரு கையெழுத்து.

அப்பா போன பிறகு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை என் ரேங்க் கார்டில் கையெழுத்து போட்டவன் நீ. எனக்குத் தெரியாதா அந்தக் கையெழுத்து? உன் சங்கடம் அதுதானா? முப்பது நிமிடம் நீ பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

கிருபா


பொழிச்சலூர்
21 நவம்பர் 2025

கிருபா,

பார்க்கவில்லை.

அக்டோபரில் ஒரே மதியத்தில் பதினெட்டு பர்னர் முடிக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் முப்பது நிமிடம் என்றால் ஒன்பது மணி நேரம். தகரக் கூரை, ஃபேன் போட முடியாது, தீ ஆடிவிடும். ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் சிம்மில் வைத்தேன். தீ அசையாமல் நின்றது. முப்பது என்று எழுதி டிக் போட்டேன். யார் அரைமணி நேரம் சிம்மில் வைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அம்மாவின் தம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அந்த அடுப்படியிலேயே கிடந்தவன் நான்.

முப்பது நிமிடம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. சிம்மில் எரியும்போது தீ பர்னரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், உலோகம் மெல்ல மெல்லச் சூடேறும். சூடேறிய துளை தீயைத் தடுக்காது. இரண்டு நிமிடத்தில் அது தெரியாது. தெரிந்தேதான் டிக் போட்டேன்.

லிஸ்டில் உன் பெயரைப் பார்த்த அன்றே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம். பதிலாக உனக்குக் கடிதம் எழுதினேன். உன்னை எச்சரித்துவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். மற்ற ஆறு கூடங்களை நினைக்கவே இல்லை. கங்கையம்மாளின் கை வெந்தது டிரில்லால் மட்டும் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். துளை பெரிசாக்காத புதுப் பர்னரே தாங்குமா என்று எனக்கே தெரியாது. அதுதான் இப்போது பெரிய பயம்.

திங்கட்கிழமை புதுப் பர்னர் மாட்ட நானே வருகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். நீங்கள் யாரும் பற்ற வைக்கும் முன் நான் முப்பது நிமிடம் சிம்மில் வைத்துப் பார்ப்பேன். இந்த முறை நிஜ முப்பது. எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பிவிடு. நீயும் போய்விடு. என்னோடு பேச வேண்டாம். முகத்தைக் காட்ட வேண்டாம்.

ஜெபராஜ்


படப்பை
25 நவம்பர் 2025

அண்ணா,

நேற்று நீ உடனே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ எதையும் பார்க்கவில்லை, ஆகவே நடந்ததை நான் எழுதுகிறேன்.

எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பினேன். ஜெயவேலு என்னையும் கூப்பிட்டார். வரவில்லை என்றேன். வாசல்படியில் நின்றேன். முதுகைக் காட்டிக்கொண்டு நீ பர்னரை மாட்டினாய். பின்னந்தலையில் இத்தனை நரை எப்போது வந்தது? காலியாகக் கிடக்கிற அண்டாவில் தண்ணீர் ஊற்றி, பற்ற வைத்து, சிம்மில் திருப்பி, வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாய்.

பத்து நிமிடம். பதினைந்து. கூரைத் தகட்டு இடைவெளி வழியாக வெயில் நேராக அடுப்பின் மேல் விழுந்தது. தீ இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நீயோ வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாய். முப்பது நிமிடம் சரியாக இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பு உனக்கு. அடுப்பை விட்டுவிட்டாய்.

இருபத்திரண்டாவது நிமிடம் அந்தச் சத்தம் மாறியது. நீங்கள் ஷெட்டில் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள். நான் அடுப்பைக் காதால் கேட்டுத்தான் பத்து வருடமாகச் சமைக்கிறேன். டப் என்று தீ உள்ளே போனது. நீ நிமிர்ந்து, திருகை மூட வலது கையை நீட்டினாய். அந்தக் காற்று ஓட்டைக்கு முன்னால். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வெயில். ஆனால் அடுப்புக் காலில் இருந்த பச்சை பெயின்ட் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"கைய எடுண்ணா!"

கத்தியது நான்தான் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரோட்டில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. நீ கையை எடுத்தாய். நான் சுவர் வால்வை மூடினேன். உன் சட்டைக் கைப்பட்டன் உருகித் தொங்கியது. அதை நீ பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நீ அழுகிறாய் என்று நினைத்தேன். வேர்வையாகவும் இருக்கலாம்.

டிரில் போடாத புதுப் பர்னர், அண்ணா. கங்கையம்மாள் மேல் தப்பில்லை, ஜீவானந்தம் மேல் தப்பில்லை. அந்தப் படிவத்தில் நேற்று நீ என்ன எழுதினாய்? 'சரி' என்றா?

கிருபா


பொழிச்சலூர்
28 நவம்பர் 2025

கிருபா,

'இருபத்திரண்டாவது நிமிடம், தீ உள்ளே போனது, தவறியது' என்று எழுதினேன். அதோடு நிற்கவில்லை. அக்டோபரில் பதினெட்டு பர்னரையும் நான் இரண்டு நிமிடம்தான் பார்த்தேன் என்று தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டு மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் தள்ளினார். டிரில் மேல் பழி இருக்கும்போது நீ ஏன் நடுவில் வருகிறாய் என்றார். அவர் மேலதிகாரிக்கு ஒரு நகலும் பாதுகாப்பு ஆய்வாளருக்கு ஒரு நகலும் ஏற்கனவே போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழு கூடத்துக்கும் நேற்று கேஸை நிறுத்திவிட்டார்கள். என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் வரும் என்றார்கள், என்ன கடிதம் என்று எனக்குத் தெரியும். கங்கையம்மாளின் சிகிச்சை கம்பெனி பொறுப்பு என்று எழுதி வாங்கிவிட்டேன். அவரைப் போய்ப் பார்த்தேன். "நீதான் அந்த டிக்கு போட்ட ஆளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

சபைத் தாளுக்குப் பட்டியல் எழுதும் பெண்மணியிடம் உன் பெயரை மறுபடி சேர்க்கச் சொன்னேன். ஆகஸ்டுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது என்றார். இப்போதே எழுதுங்கள் என்று பக்கத்திலேயே நின்றேன்.

அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை. காதில் உன் குரல் இன்னும் இருக்கிறது.

ஜெபராஜ்


படப்பை
1 டிசம்பர் 2025

அண்ணா,

சிலிண்டர் வந்துவிட்டது. பழைய அடுப்பு, பழைய கேஸ், பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொள்கிறேன். நாலு நாளாக லைட்டரை எடுக்கிறேன், அடுப்புக்குக் கிட்டே கை போகமாட்டேன் என்கிறது. ஜெயவேலு பற்ற வைத்துக் கொடுக்கிறார். சிம்மில் திருப்பியதும் நான் ரோட்டுக்கு ஓடிவிடுகிறேன். சாம்பார் இரண்டு நாள் அடிப்பிடித்தது. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுப் போனார்கள், அதுதான் அழுகையாக வருகிறது. கட்டுப் போட்ட கையோடு கங்கையம்மாள் நேற்று வந்தாள். அவளும் அடுப்படிக்குள் வராமல் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

புதன்கிழமை பிரியாணி போட்டே ஆக வேண்டும். இரண்டு வாரமாகப் போடவில்லை. நீ வா. கம்பெனி பஸ் இல்லையென்றால் தாம்பரத்தில் டவுன் பஸ் ஏறி வா. ஜெயவேலு கேட் அருகே நிற்பார், உன்னை உள்ளே கூட்டி வரத்தான் நிற்பார். இந்த முறை ரோடைத் தாண்டு.

அடுப்பை நீ பற்ற வை. சிம்மில் நீ திருப்பு. வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. நாற்பது நிமிடமும் நான் உன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறேன், பதினான்கு மாதத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது. நடுவில் நான் பேச்சை நிறுத்தினால், நான் அடுப்பைக் கேட்கிறேன் என்று அர்த்தம். அப்போது மட்டும் கையை எடுத்துக்கொள்.

கிருபா